மருந்தும் விளக்கமும்: செவிலியர் அறிய வேண்டிய மருந்தியல்

கருவுற்ற தாய்மார்களுக்கு இரும்புச்சத்து மாத்திரைகளை இலவசமாக வழங்கும் திட்டம் நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன்பின் திட்டத்தின் பெயரும் மாத்திரையின் அளவும் மாறி வந்துள்ளன. 2018-இல் ‘இரத்தசோகையற்ற பாரதம்’ என்னும் புதிய வடிவமும் அதற்குக் கிட்டியது. மாத்திரையோ விலை மலிவானது. நாட்டின் மூலை முடுக்குகளிலுள்ள துணை நிலையங்கள் வரை செல்கிறது. ஆயினும், 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்களாய் இருந்தனர். அதே ஆய்வு மற்றொரு கணக்கையும் தருகிறது. கருவுற்ற காலத்தில் 100 நாட்களோ அதற்கு மேலோ மாத்திரை உட்கொண்ட தாய்மார் 44.1 விழுக்காட்டினர்; 180 நாட்கள் உட்கொண்டவர்கள் 26 விழுக்காட்டினரே ஆவர்.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒன்றே காரணமன்று. கொக்கிப்புழு, மலேரியா, பரம்பரை இரத்தக் கோளாறுகள் ஆகியவையும் காரணங்களாகும். எனினும் இரண்டாவது கணக்கு நம் சிந்தனைக்குரியது. கிடங்கில் மாத்திரை இல்லாமற் போகும் மாதங்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கைக்கு வந்து சேர்ந்த மாத்திரையும் பல வீடுகளில் அலமாரியில் தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்குவதற்கும் வயிற்றினுள் செல்வதற்கும் இடையே நிற்பது பெரும்பாலும் செவிலியர் கூறிய, அல்லது கூறத் தவறிய, சில சொற்களே.

மலம் கறுத்துப் போவதை முதற்கண் எடுத்துக்கொள்வோம். இரும்புச்சத்து மாத்திரையை உட்கொள்ளும் பெண்ணுக்கு ஓரிரு நாட்களில் மலம் கறுக்கும். குடலில் ஈர்க்கப்படாமல் எஞ்சும் இரும்பே இதற்குக் காரணம். இதனால் தீங்கு ஏதுமில்லை. இதை முன்கூட்டியே அறியாத பெண், மருந்து தன் உடலைக் கெடுக்கிறது என்று கருதி நிறுத்திவிடுகிறாள். கருவிலுள்ள குழந்தை கறுத்துவிடும் என்றும், அளவுக்கு மீறி வளர்ந்து பிரசவம் கடினமாகும் என்றும் நாட்டின் பல பகுதிகளில் நம்பிக்கை உண்டு. கறுத்த மலத்தைக் கண்டபின் அந்த நம்பிக்கை உறுதிப்பட்டுவிடும் அல்லவா? இது நிகழும் என்று மாத்திரை கொடுக்கும்போதே கூறினால் அச்சம் பிறப்பதில்லை. நிகழ்ந்தபின் கூறுவது சமாதானமாகவே தோன்றும். அதே வேளையில், தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் மலம் போய், தலைச்சுற்றலோ வயிற்று வலியோ இருந்தால், அது குடலினுள் இரத்தக் கசிவாக இருக்கக்கூடும் என்பதையும் செவிலியர் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டும் கறுப்பே, ஒன்று பொருட்படுத்த வேண்டாதது, மற்றொன்று அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டியது. செவிலியருக்கு மருந்தியல் தேவைப்படுவது இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதற்கே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

குமட்டல், மலச்சிக்கல் ஆகியவை அடுத்த தடைகள். வெறும் வயிற்றில் இரும்பு நன்கு ஈர்க்கப்படும். ஆனால் குமட்டலும் அப்போதுதான் மிகுதி. எனவே உணவுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ, உறங்கப் போகும் முன்போ உட்கொள்ளுமாறு கூறலாம். தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிணைத்துக்கொள்வதால், மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் ‘சி’ இரும்பு ஈர்க்கப்படுவதற்குத் துணை செய்யும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டியதில்லை. சோர்வு நீங்கிய உடனே நிறுத்திவிடவும் கூடாது. இரத்தத்தில் குறை தீர்ந்த பின்னரும் உடலின் இருப்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும். மற்றுமொரு செய்தி அடிக்கடி விடுபட்டுப் போகிறது. சர்க்கரைப் பூச்சுடன் கூடிய சிவப்பு மாத்திரை, வீட்டிலுள்ள சிறு குழந்தையின் கண்ணுக்கு மிட்டாயாகத் தெரியும். தாய்க்கு மருந்தாகும் மாத்திரைகளுள் ஒரு கைப்பிடி, சிறு குழந்தையின் உயிருக்கே கேடு விளைவிக்க வல்லது. எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்வதும் மருந்து விளக்கத்தின் ஒரு பகுதியே.

காலம் வகுத்தல்

கருவுற்ற பெண்ணுக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு இரண்டு சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளும் வழங்கப்படுகின்றன. சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் ஒரே வேளையில் வயிற்றை அடைந்தால் இரும்பு ஈர்க்கப்படுவது குறைகிறது. இரண்டு மணி நேர இடைவெளியேனும் வேண்டும். அவளுக்குத் தைராய்டு குறைபாடும் இருப்பின், அதற்குரிய தைராக்சின் மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். அதற்கும் இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேரம் செல்ல வேண்டும். மூன்று சீட்டுகளில் எழுதப்பட்ட மூன்று மருந்துகளையும் அவள் ஒரே கைப்பையில் போட்டுக்கொண்டு, மறவாமல் இருக்கும் பொருட்டு, காலை உணவுடன் ஒன்றாக விழுங்கிவிடுகிறாள். ஒழுங்கு தவறாத நோயாளி. ஆயினும் மருந்தின் பயன் பெரும்பாலும் வீணாகிறது.

தாளில் இதற்கு ஓர் அட்டவணை வகுப்பது எளிது. காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, 10.30 மணிக்கு இரும்பு. நண்பகல் உணவுடனும் இரவு உணவுடனும் சுண்ணாம்பு. இது வீட்டிலிருப்பவருக்குப் பொருந்தும். காலை 10.30 மணிக்கு அசாமின் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது எவ்வாறு பொருந்தும்? அவள் கையில் அப்போது மாத்திரையும் இராது. நாள் முழுவதும் அவள் பருகுவதும் தேநீரே. அத்தகையவருக்கு, மாலை 7.30 மணிக்கு உணவுடன் சுண்ணாம்பும், 10 மணிக்குப் படுக்கைக்குச் செல்லும்போது இரும்பும் என்று மாற்றி அமைக்கலாம். மருந்தியல் விதி ஒன்றே. நேரம் மட்டும் வேறு. ‘எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது வேலைக்குச் செல்கிறீர்கள், தேநீர் எப்போது அருந்துகிறீர்கள்’ என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை பெறாமல் மருந்து நேரத்தைக் கூறுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றதே.

காசநோய்ச் சிகிச்சை தரும் படிப்பினை

நோயாளியை மருத்துவமனையில் வைத்துத்தான் காசநோயைக் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. 1956-இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானட்டோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை அளித்து ஒப்பிட்டது. நெருக்கடியான வீடு, குறைந்த உணவு, ஓய்வின்மை ஆகியவற்றுக்கிடையிலும் வீட்டுச் சிகிச்சையின் விளைவு சானட்டோரியத்தின் விளைவுக்கு ஏறத்தாழ ஒப்பானதாகவே அமைந்தது. 1959-இல் வெளியான இம்முடிவு பல நாடுகளின் கொள்கையை மாற்றியது. ஆனால் அதில் அடங்கிய நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகின்றனர். அங்கே நோயாளியின் வீட்டிற்குச் சென்று பார்த்தார்கள். மருந்து உடலுக்குள் சென்றதா என்பதைச் சிறுநீரைச் சோதித்தும் அறிந்தார்கள். படுக்கையை வீட்டிற்கு மாற்றியபோது, செவிலியரின் பொறுப்பையும் வீட்டு வாசல் வரை நீட்டினார்கள் என்றே கூற வேண்டும்.

இன்று மருந்துணர்வுள்ள காசநோய்க்கு ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் இரண்டு மாதங்களும், பின்னர் பைரசினமைடு நீங்கலாக மூன்றும் நான்கு மாதங்களும் நாள்தோறும் தரப்படுகின்றன. ரிபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் செம்மஞ்சளாக்கும். முதல் நாளிலேயே இதைக் காணும் நோயாளி, இரத்தம் போகிறது என்று அஞ்சுகிறார். அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் இம்மருந்துகளுள் மூன்று கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அப்போதும் சிறுநீர் அடர் நிறம் பெறும். ‘சிறுநீர் நிறம் மாறும், கவலை வேண்டாம்’ என்று பாதியை மட்டும் கூறி அனுப்பினால், காமாலை வந்தபோதும் அவர் கவலையின்றி இருந்துவிடுவார். மருந்து உட்கொண்ட சில மணி நேரத்தில் தோன்றி, நேரம் செல்லச் செல்ல வெளுக்கும் நிறம் மருந்தினுடையது. பசியின்மை, வாந்தி, வலப்புற மேல்வயிற்றில் வலி, கண்ணின் வெண்மையில் மஞ்சள் ஆகியவற்றுடன் நாள் முழுவதும் நீடிக்கும் அடர் நிறம் கல்லீரலினுடையது. அந்நிலையில் அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளாமல் உடனே நிலையத்திற்கு வர வேண்டும். பார்வை மங்கினாலும், சிவப்பு பச்சை நிறங்களைப் பிரித்தறிவது கடினமானாலும் எத்தாம்புட்டாலை ஐயுற வேண்டும். கை கால் எரிச்சலும் மரத்துப்போதலும் ஐசோனியசிட்டால் வருபவை. வைட்டமின் பைரிடாக்சின் அதற்குக் காப்பு. கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்ணுக்கு ரிபாம்பிசின் அதன் பயனைக் குறைத்துவிடும் என்பதைத் தனியே அழைத்துக் கூறுதல் வேண்டும். வரிசையில் நிற்கும் பிறர் காதுபடக் கூறுவதற்குரிய செய்தி அன்று அது.

இரத்த அழுத்தத்திற்கான எனலாப்ரில் மாத்திரையிலும் இதே இரட்டைத் தன்மையைக் காணலாம். சிலருக்கு அதனால் வறட்டு இருமல் வரும். காரணம் அறியாதவர் மாதக்கணக்கில் இருமல் மருந்து வாங்கிக் குடிக்கிறார். இது தொல்லை மட்டுமே. மருத்துவர் மாற்று மருந்து தருவார். ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால் அது உயிர் ஆபத்து. நீரிழிவுக்குக் கிளைமிபிரைடு உட்கொள்பவர் ஏகாதசிக்கோ ரமலான் மாதத்திலோ நோன்பிருந்தால், உணவில்லாத வயிற்றில் மாத்திரை சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்தும். நோன்பைக் கைவிடச் சொல்வது செவிலியரின் வேலையன்று. நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்வதே வேலை. திடீர் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே சர்க்கரை உட்கொள்ள வேண்டும் என்பதை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும்.

பயிற்சியும் எல்லையும்

நம் செவிலியர் பள்ளிகளில் மருந்தியல் கற்பிக்கப்படாமலில்லை. கற்பிக்கப்படும் முறையே ஆராயத்தக்கது. சிறுநீர்ப் பெருக்கிகளை வகைப்படுத்துக என்று வினாத்தாள் கேட்கிறது. மாணவியும் வகைப்படுத்தி மதிப்பெண் பெறுகிறாள். சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையை இரவில் உட்கொண்டு தூக்கமின்றித் தவிக்கும் முதியவருக்கு என்ன கூறுவாய் என்று கேட்பதில்லை. ஒவ்வொரு மருந்திற்கும் நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஐந்தாறு வாக்கியங்களை, அந்தந்த வட்டாரப் பேச்சுமொழியில், மாணவியே எழுதி வகுப்பில் சொல்லிக் காட்டச் செய்தால் பாடம் வேறு வகையில் மனத்தில் பதியும். கூறியபின் நோயாளியையே திருப்பிச் சொல்லச் செய்வதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எவரும் ‘ஆம்’ என்றே தலையசைப்பர்.

2018 முதல் துணை நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக உயர்த்தப்பட்டு, 2023-இல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் பெற்றன. அங்குச் சமுதாய நல அலுவலராகப் பணியாற்றுவோருள் செவிலியர் பலர். நாட்பட்ட நோயாளிகளுக்கு மருத்துவர் விதித்த மருந்தை மாதந்தோறும் வழங்கும் பொறுப்பு இவர்களிடம் உள்ளது. எனவே மருந்தறிவின் தேவை முன்னிலும் கூடியுள்ளது. மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவருக்குரியவை. விளக்குவதும், கண்காணிப்பதும், ஐயம் எழுந்தால் அனுப்பி வைப்பதும் செவிலியருக்குரியவை. இவ்வெல்லையைக் காட்டி, மருந்தைப் பற்றி ஒன்றுமே பேசாதிருப்பது பாதுகாப்பானது என்று கருதும் மேலதிகாரிகள் உண்டு. அக்கருத்து நோயாளிக்குப் பாதுகாப்பு அளிப்பதன்று.

மாவட்ட அலுவலர்கள் கவனிக்கத்தக்க ஒன்றையும் கூறலாம். நம் பதிவேடுகள் வழங்கப்பட்ட மாத்திரைகளை எண்ணுகின்றன. அடுத்த முறை வரும் தாய், காலி அட்டையையோ மீதமுள்ள மாத்திரையையோ கொண்டு வருமாறு கூறி, மீதியை எண்ணி எழுத ஒரு பத்தியைச் சேர்த்தால், உட்கொள்ளப்பட்டது எவ்வளவு என்பது ஓரளவு தெரியவரும். மீதமிருப்பின், கடிந்துகொள்ளாமல் ஏன் என்று கேட்க வேண்டும். கடிந்துகொண்டால், அடுத்த மாதம் காலி அட்டையே வரும். மாத்திரைகள் எங்குச் சென்றன என்பது தெரியாது.

விடையாகக் கிடைப்பது சில வேளைகளில் உண்மையான மருந்துத் தீங்காகவும் இருக்கும். அதைத் தெரிவிக்க, 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் வழி செய்துள்ளது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் இதன் தேசிய ஒருங்கிணைப்பு மையமாகும். மருந்துதான் காரணம் என்று நிரூபித்த பின்னரே எழுத வேண்டும் என்பதில்லை, ஐயமே போதும். மருத்துவர் கையொப்பத்திற்குக் காத்திராமல் செவிலியர் தாமே படிவத்தை நிரப்பி அனுப்பலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். நோயாளிகள் தாமே நிரப்புவதற்குரிய தனிப் படிவமும் இந்திய மொழிகள் பலவற்றில் உள்ளது.