ரெய்டுக்குள்ள வாய் நீளக் கூடாது: அக்காவோட டிப்ஸ்

கை நல்லா ஓடுது, கியர் பிரமாதம், பாஸோட ஒவ்வொரு அசைவையும் வீடியோ பார்த்து மனப்பாடம் பண்ணியாச்சு. அப்புறமும் ஏன் அடுத்த வாரம் உங்களை ரெய்டுக்குக் கூப்பிடல? பெரும்பாலும் காரணம் உங்க மைக்தான். இதை யாரும் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க. சத்தமில்லாம வேற ஆளைச் சேர்த்துட்டுப் போயிடுவாங்க. அதனால நான் சொல்றேன், கோவிச்சுக்காம கேளுங்க.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல மிதிக் ரெய்டுன்னா 20 பேர். ஃபைனல் ஃபேன்டஸி 14ல 8 பேர், டெஸ்டினி 2ல 6 பேர். 2004ல வார்கிராஃப்ட் வந்த புதுசுல மோல்ட்டன் கோருக்கு 40 பேர் வரைக்கும் போவாங்க. இத்தனை பேரும் ஒரே வாய்ஸ் சேனல்ல உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தர் வாய்க்கு வந்ததைப் பேசினா, பாஸ் அடிக்கறதுக்கு முன்னாடியே டீம் செத்துடும். நான் வைக்கற சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்: சண்டை நடக்கும்போது ஒரே குரல். மத்த பேச்செல்லாம் புல்லுக்கு (பாஸை இழுத்துச் சண்டை ஆரம்பிக்கறதுக்கு) முன்னாடி, இல்லன்னா வைப்புக்கு (டீமே மொத்தமா விழுந்ததுக்கு) அப்புறம்.

இன்னிக்கு ராத்திரியே ரெய்டு, நேரமில்லைங்கறவங்க 1, 2, 5 மட்டும் படிச்சுட்டு ஓடுங்க.

1. புஷ் டு டாக் போட்டே ஆகணும்

மைக்கைத் திறந்தே விட்டுட்டு வந்தீங்கன்னா உங்க வீட்டு மிக்ஸி, குக்கர் விசில், தலைக்கு மேல கடகடக்கற ஃபேன் எல்லாமே ரெய்டுக்கு வந்துடும். முறுக்கு கடிக்கற சத்தம் 19 பேர் காதுல விழும். "எனக்கு விரல் காலியில்லையே"ங்கற சாக்கு வேண்டாம். மவுஸோட ஓரத்துல ரெண்டு பட்டன் சும்மாதானே கிடக்கு, அதுல ஒண்ணைக் கொடுங்க.

டிஸ்கார்டுல புஷ் டு டாக் இருக்கற இடத்துலயே "ரிலீஸ் டிலே"ன்னு ஒரு ஸ்லைடர் இருக்கும். அதைக் கொஞ்சம் கூட்டி வைங்க. இல்லன்னா பட்டன்லேருந்து விரலை எடுத்ததும் வாக்கியத்தோட வால் அறுந்துடும். "உள்ள போக வேணாம்"ல கடைசி வார்த்தை அறுந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

வெளிய பட்டன் வேலை செய்யுது, கேமுக்குள்ள போனா செய்யலைன்னா பதறாதீங்க. கேமை அட்மின் உரிமையோட திறந்திருப்பீங்க. டிஸ்கார்டையும் அதே மாதிரி திறங்க, சரியாயிடும்.

2. ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு மைக்ல பேசாதீங்க

உங்க ஸ்பீக்கர்ல வர்ற எல்லார் குரலும் உங்க மைக் வழியா திரும்ப அவங்களுக்கே போகும். எதிரொலி யாருகிட்டேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள அரை மணி நேரம் போயிடும். ஹெட்செட் வாங்கக் காசில்லைன்னா ஃபோனுக்கு வாங்கின வயர் இயர்ஃபோன் போதும். லேப்டாப்ல அப்படியே சொருகலாம். டெஸ்க்டாப்ல மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் தனித்தனி ஓட்டை இருந்தா ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கிக்குங்க.

ப்ளூடூத் இயர்பட்ஸ் பார்க்க அழகா இருக்கும். ஆனா அதோட மைக் வேலை செய்ய ஆரம்பிச்சதும் பெரும்பாலும் காதுல கேட்கற சத்தத்தோட தரம் இறங்கிடும். பாஸ் பண்ற சத்தமும் மங்கும், மத்தவங்க பேசறதும் தாமதமா வரும். பாட்டு கேட்க வச்சுக்குங்க, ரெய்டுக்கு வேண்டாம்.

டிஸ்கார்டுல கிரிஸ்ப்னு ஒரு இரைச்சல் நீக்கி இருக்கு, அதை ஆன் பண்ணி வைங்க. அது இருக்குன்னு தைரியமா மைக்கைத் திறந்து விடாதீங்க, அவ்வளவுதான். யாரோ ஒருத்தர் குரல் சின்னதா கேட்குதா? சண்டைக்கு நடுவுல "சத்தமா பேசுங்க"ன்னு கத்தாதீங்க. அவர் பேர்மேல ரைட் கிளிக் பண்ணா அவருக்கு மட்டும் வால்யூமை 200 சதவீதம் வரைக்கும் ஏத்தலாம். கத்தறவங்களை அதே இடத்துல இறக்கி வைக்கலாம். இதை முதல் நாளே பண்ணிட்டா பாதி சண்டை மிச்சம்.

3. நேரத்துக்கு முன்னாடி வாங்க

எட்டு மணி ரெய்டுன்னா எட்டு மணிக்கு பாஸ் முன்னாடி நிக்கணும்னு அர்த்தம். எட்டு மணிக்கு அப்டேட் போடறதில்லை. பத்து நிமிஷம் முன்னாடி வந்து மைக்கைச் சோதிச்சுக்குங்க. "கேட்குதா, கேட்குதா"ன்னு எல்லார்கிட்டயும் கேட்காதீங்க, டிஸ்கார்டு செட்டிங்ஸ்லயே சோதிக்க வசதி இருக்கு.

நம்ம ஊர்லேருந்து வெளிநாட்டு கில்டுல ஆடறவங்க கடிகாரத்தை நம்பி ஏமாறாதீங்க. மத்திய ஐரோப்பாவுல ராத்திரி 8 மணின்னா குளிர்காலத்துல நமக்கு நடுராத்திரி 12.30, கோடையில 11.30. சிட்னியில 8 மணின்னா நமக்கு மதியம் 3.30, அங்க கோடை நேரம் வந்துட்டா 2.30. அவங்க கடிகாரத்தை மாத்திப்பாங்க, நம்ம மாத்த மாட்டோம். மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பம், அக்டோபர் மாசம்லாம் வந்தா ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்குங்க. டிஸ்கார்டுல டைம்ஸ்டாம்ப் போட்டு அறிவிக்கச் சொன்னா அவங்கவங்களுக்கு அவங்க ஊர் நேரமே தெரியும். அந்தச் சின்ன வேலையைத் தலைவர் செஞ்சா கணக்குப் போடற தலைவலி யாருக்கும் இல்லை.

வீட்ல முன்கூட்டியே சொல்லி வைங்க. அம்மா சாப்பிடக் கூப்பிட்டா மைக் மூடியிருக்கணும். வாசல்ல கூரியர் வந்தா புல்லுக்கு முன்னாடி "ரெண்டு நிமிஷம்"னு சொல்லிட்டுப் போங்க. பாஸ் பாதி ரத்தத்துல இருக்கும்போது காணாமப் போறவங்களை யாரும் மறக்கறதில்லை.

4. தலைவர் ஒருத்தர்தான்

அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரிஞ்சிருக்கலாம். இருந்தாலும் சண்டைக்கு நடுவுல திருத்தாதீங்க. தப்பான திட்டத்தை 20 பேரும் சேர்ந்து செஞ்சா சில சமயம் பாஸ் விழுந்துடும். ரெண்டு சரியான திட்டத்தை ஆளுக்கு ஒண்ணா செஞ்சா நிச்சயம் விழாது.

முக்கியமா ரெண்டு விஷயத்துல அவசரக்குடுக்கையா இருக்காதீங்க. ஒண்ணு வார்கிராஃப்டோட ப்ளட்லஸ்ட். 40 நொடிக்கு எல்லாருக்கும் 30 சதவீதம் வேகம் கூடும், அப்புறம் பத்து நிமிஷத்துக்கு மறுபடி கிடைக்காது. இன்னொண்ணு, சண்டைக்குள்ள செத்தவங்களை எழுப்பற பேட்டில் ரெஸ். ரெய்டுல அது எல்லாருக்கும் பொதுக்கணக்கு, எண்ணித்தான் கொடுப்பாங்க. உங்க நண்பன் விழுந்துட்டான்னு பாசத்துல எழுப்பிட்டா, அடுத்த நிமிஷம் விழற ஹீலருக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. ரெண்டையும் தலைவர் சொன்னாதான் தொடணும்.

தலைவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்கார்டுல ப்ரயாரிட்டி ஸ்பீக்கர்னு ஒரு அனுமதி இருக்கு. அதுக்குன்னு வச்ச பட்டனை அழுத்திப் பேசினா மத்தவங்க குரல் தானா தாழ்ந்துடும். தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

5. எப்படிச் சொல்லணும்னு கத்துக்குங்க

இதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. "டேய் டேய், அங்க வருதுடா, யாராவது பாருங்கடா!" இதுல யார் பார்க்கணும்? அங்கன்னா எங்க? எது வருது? மூணு நொடி பேசி ஒரு தகவலும் சொல்லல. "ஸ்டார்ல ரெண்டு ஆட்." முடிஞ்சது. அந்த அடியாட்கள் எங்க, எத்தனைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

• பேரை முதல்ல சொல்லுங்க, வேலையை அப்புறம் சொல்லுங்க. "டான்ட் பண்ணுங்க, ரெண்டாவது டேங்க்"னு சொன்னா ரெண்டு டேங்கும் பாஸை இழுத்துடுவாங்க. "ரெண்டாவது டேங்க், டான்ட்"னு சொல்லிப் பழகுங்க.

• பட்டனை அழுத்தி அரை மூச்சு விட்டுப் பேசுங்க. இல்லன்னா முதல் எழுத்து விழுங்கிப் போகும், யாரைக் கூப்பிட்டீங்கன்னே தெரியாது.

• இடது வலதுன்னு சொல்லாதீங்க. பாஸுக்கு இடதா, உங்களுக்கு இடதா? வார்கிராஃப்ட்ல ஸ்டார், மூன், டயமண்ட், ஸ்கல்னு எட்டு மார்க்கர் எதுக்கு இருக்கு? தரையில போட்டு வச்சு அந்தப் பேரைச் சொல்லுங்க.

• நடந்து முடிஞ்சதைச் சொல்லாதீங்க, நடக்கப்போறதைச் சொல்லுங்க. குரல் இணையம் வழியா வந்து சேர்ந்து, காதுல விழுந்து, கை அசையறதுக்குள்ள ரெண்டு நொடி போயிடும். "நெருப்பு!"ன்னு நீங்க சொல்லும்போது ஏற்கெனவே வெந்துட்டிருப்பாங்க. "அஞ்சு நொடியில நெருப்பு, மூனுக்குப் போங்க"தான் உதவும். டெட்லி பாஸ் மாட்ஸ், பிக்விக்ஸ் மாதிரி ஆட்ஆன்ல நேரம் திரையில ஓடுதுன்னா, அதையே நீங்களும் வாசிக்க வேண்டாம்.

• ஒரு பொருளுக்கு ஒரே பேர். டெஸ்டினி 2ல 2022ல வந்த வௌ ஆஃப் தி டிசைப்பிள் ரெய்டுல குறிகளைப் பார்த்து வாயால சொல்லித்தான் ஆகணும். ஒருத்தர் பார்க்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒரே குறிக்கு ஆளுக்கொரு செல்லப்பேர் வச்சா கதை கந்தல். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேரை ஒத்துக்கிட்டு, டெக்ஸ்ட் சேனல்ல பின் பண்ணிடுங்க.

எல்லாரும் தமிழ்னா தாராளமா தமிழ்லயே கூப்பிடுங்க. ஒருத்தருக்குப் புரியாதுன்னாலும் எல்லாருக்கும் பொதுவான மொழிக்கு மாறுங்க. அந்த ஒருத்தர் ஹீலரா இருந்தா இன்னும் சீக்கிரமா மாறுங்க.

6. செத்தவங்க பேசக் கூடாது

விழுந்ததும் "ஐயோ, லேக்! நான் நகர்ந்துட்டேன், கேம் நகரல"ன்னு வக்காலத்து ஆரம்பிக்கும். உயிரோட இருக்கறவங்க அப்ப உங்களைக் கேட்கற நிலைமையில இல்லை. டேங்கோ ஹீலரோ விழுந்தா மட்டும் "மெயின் டேங்க் டவுன்"னு மூணே சொல். மத்தவங்க விழுந்தா திரையிலயே தெரியும்.

"வைப்"ங்கற வார்த்தையைத் தலைவர் தவிர யாரும் சொல்லக் கூடாது. நீங்க வாய் தவறிச் சொன்னா பாதிப் பேர் ஓடறதை நிறுத்திடுவாங்க, மீதிப் பேர் சண்டை போட்டுக்கிட்டிருப்பாங்க. பத்து சதவீதத்துல இருந்த பாஸ் இப்படிப் பிழைச்சுப் போனது எத்தனையோ கில்டுல நடந்திருக்கு.

7. வைப்புக்கு அப்புறம்

முதல் முப்பது நொடி எல்லாரும் வாயை மூடுங்க. எரிச்சல்ல வர்ற எந்த வார்த்தையும் நல்லதா இருந்ததில்லை. அப்புறம் தலைவர் பேசட்டும். தப்பு உங்களுதுன்னா "நான்தான், லேட்டா நகர்ந்தேன்"னு சொல்லி முடிச்சுடுங்க. அஞ்சு நிமிஷ மன்னிப்புப் பேச்சும் நேர விரயம்தான். அடுத்தவங்க தப்புன்னா சபையில வச்சு வாங்காதீங்க, தனியா மெசேஜ் போடுங்க. யார் எதுல செத்தாங்கன்னு வார்கிராஃப்ட் லாக்ஸ்ல வரிசையா இருக்கும். அதைப் பார்த்துட்டுப் பேசினா பாதிச் சண்டை கிளம்பவே கிளம்பாது.

திட்டம் பேசி முடிக்கறதுக்கு முன்னாடி பாயாதீங்க. மத்தவங்க கணக்குப் போட்டுக்கிட்டிருக்க, தன் பேரைக் கத்திக்கிட்டு உள்ள ஓடின லீராய் ஜென்கின்ஸ் வீடியோ 2005ல வந்தது. இன்னிக்கும் பார்த்துச் சிரிக்கறோம். அது சும்மா நடிச்சு எடுத்ததுன்னு அவங்களே பிறகு சொன்னாங்க. நீங்க நிஜமாவே பண்ணா யாரும் சிரிக்க மாட்டாங்க. ரெடி செக் எதுக்கு வச்சிருக்காங்க? தயாரில்லைன்னா "இல்லை"யை அழுத்துங்க, வெட்கப்படாதீங்க.

8. பேசக் கூச்சமா? பரவாயில்லை

கேட்கறது கட்டாயம், பேசறது கட்டாயமில்லை. மைக் இல்லாம வருஷக்கணக்கா நல்லா ஆடறவங்க இருக்காங்க. முதல்லயே தலைவர்கிட்ட சொல்லிடுங்க, வாயால கூப்பிட வேண்டிய வேலையை உங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. ஆனா டிஸ்கார்டுல டெஃபன் போட்டு எல்லார் குரலையும் அணைச்சுட்டுப் பாட்டு கேட்காதீங்க. அது கூச்சமில்லை, ஏமாத்து.

9. பொண்ணு குரல் கேட்டா

தம்பிங்களா, இது உங்களுக்கு. சேனல்ல ஒரு பொண்ணு பேசினா "ஏய், பொண்ணா?"ன்னு கேட்காதீங்க. வயசு, ஊர், இன்ஸ்டாகிராம் ஐடி எதுவும் கேட்காதீங்க. அவ ஹீல் பண்ண வந்திருக்கா. எத்தனையோ பொண்ணுங்க இந்தத் தொல்லைக்காகவே மைக்கைத் தொடறதில்லை, நல்ல கால்-அவுட் எல்லாம் அவங்க தொண்டையிலயே நின்னுடுது. வேற யாராவது வழிஞ்சா சிரிச்சுக்கிட்டு நிக்காதீங்க, "ரெய்டைப் பாருங்க"ன்னு ஒரு குரல் கொடுங்க. தலைவர் அப்படிப்பட்டவரை வெளியேத்தலைன்னா, தங்கச்சி, நீ அந்த கில்டை விட்டு வா. உனக்கு வேற கில்டு கிடைக்கும், அவங்களுக்கு ஹீலர் கிடைக்கறதுதான் கஷ்டம்.

குரல்ல பத்து வயசு தெரிஞ்சா கெட்ட வார்த்தையை நிறுத்துங்க. ரெக்கார்ட் பண்றீங்க, லைவ் போடறீங்கன்னா முதல்லயே எல்லார்கிட்டயும் கேட்டுடுங்க.

10. லூட்

உங்களுக்கு விழலைன்னா பெருமூச்சு விடும்போது பட்டன்லேருந்து கையை எடுத்துடுங்க. கிடைச்சவங்களுக்கு ஒரு வாழ்த்து. அவ்வளவுதான்.

இதெல்லாம் பெரிய கணக்கா தெரிஞ்சா, இந்த வாரம் மவுஸ் பட்டன் ஒண்ணை மட்டும் மாத்துங்க. பேரை முதல்ல சொல்றதை அடுத்த வாரம் பழகிக்கலாம். இப்ப போய் செட்டிங்ஸைத் திறங்க, ரெய்டு நேரத்துல வந்து நோண்டாதீங்க.