வஹகோட்டைப் பயணமும் முதல் நன்மை விருந்தும்

கோயிலில் பிள்ளைக்கு முதல் நன்மை. வெள்ளைச் சட்டை, மெழுகுதிரி, புதுச் சப்பாத்து எல்லாம் வந்தாயிற்று. தாயின் கையைப் பார்த்தால் காப்பைக் காணோம். கேட்டால், "விருந்துக்குக் கொஞ்சம் காசு குறைந்தது, அடகு வைத்தேன். இரண்டு மாதத்தில் மீட்டுவிடலாம்" என்கிறார். இரண்டு மாதம் கழிந்தால் பள்ளிக்கூட விடுமுறை. பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போகவேண்டும். காப்பை மீட்பது தள்ளிப்போகிறது. வட்டி மட்டும் தள்ளிப்போவதில்லை.

இந்தத் தாயை நம்மில் அநேகர் அறிவோம். ஒருவேளை அவரே இப்பக்கத்தை வாசித்துக்கொண்டும் இருக்கலாம். அவரைக் குறைசொல்ல நாம் வரவில்லை. பிள்ளையின் விருந்தையும் குடும்பத்தின் விடுமுறைப் பயணத்தையும் கடன் இல்லாமல், வீட்டில் சண்டை இல்லாமல் எப்படி நடத்தலாம் என்று சேர்ந்து யோசிப்போம். மலையகத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வஹகோட்டை அந்தோனியார் கோயில் பழகிய இடம். ஆகவே பயணத்துக்கு அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் விருந்து. முன்னாளில் நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தாமல் உபவாசம் இருக்கவேண்டும். 1910ஆம் ஆண்டில் பாப்பரசர் 10ஆம் பத்திநாதர், புத்தி விவரம் வரும் ஏழு வயதளவிலேயே பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று கட்டளையிட்டார். அதன்பின் சின்னஞ்சிறுவரும் வெறும் வயிற்றோடு பூசைக்கு வந்தார்கள். 1953இல்தான் 12ஆம் பத்திநாதர் தண்ணீர் குடிக்க இடம்கொடுத்தார். 1964 முதல் ஒரு மணி நேர உபவாசம் போதும் என்றாயிற்று. ஆக, அந்நாளில் பூசை முடிந்ததும் பசித்திருக்கும் பிள்ளைகளை வரிசையாக உட்கார்த்திக் கொடுத்த காலை உணவுதான் முதல் நன்மை விருந்து. பாண், வாழைப்பழம், தேநீர், கொஞ்சம் இனிப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உணவு. யாருடைய தகப்பன் என்ன உத்தியோகம் என்று அந்த வாங்கில் தெரியாது.

உபவாசம் குறைந்தது, விருந்து மட்டும் ஏன் பெருத்தது? பிள்ளையின் பசி அதற்குக் காரணமல்ல. பார்க்கிறவர்களின் கண்ணே காரணம். "அக்கா மகளுக்கு மண்டபம் எடுத்தார்கள், நாம் மட்டும் வீட்டிலேயா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். மண்டபம் வந்துவிடும். மண்டபம் வந்தால் நூறு கதிரைக்கு நூறு பேர் வேண்டும். நூறு பேர் வந்தால் பெரிய கேக் வேண்டும், பாட்டுப் பெட்டி வேண்டும், படம் பிடிக்கிறவர் வேண்டும். கடைசியில் விருந்தின் நாயகன் சட்டைக் கழுத்து இறுகி, மேடையில் நின்று நின்று தூங்கி விழுகிறான்.

ஒரு காரியம் செய்து பாருங்கள். விருந்தைப் பற்றி உறவினரிடம் வாய் திறக்கும் முன்பு பிள்ளையிடம் கேளுங்கள்: "உனக்கு அன்றைக்கு என்ன வேண்டும்?" கூட்டாளிகள் இன்னார் வரவேண்டும், ஊதி அணைக்க மெழுகுதிரி வேண்டும், அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கவேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளே அதிகம். மண்டபத்தின் பெயர் அதில் வராது. 2022ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரட்டித்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டிலும் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரு பணிஸின் மேல் மெழுகுதிரி குத்திக் கொண்டாடிய வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளிடம் இன்று கேட்டால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் அழைக்கும் ஒவ்வொருவருக்கும் நம் அழைப்பு ஒரு செலவு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அப்படிப்பட்ட சம்பளத்தில் வாழும் குடும்பம் உறையில் 2,000 ரூபாய் வைத்துக் கொண்டுவந்தால், ஒரு முழு நாள் கொழுந்து பறித்த கூலிக்கு மேலே நம் மேசையில் வைத்துவிட்டுப் போகிறது. அதை நாம் கொப்பியில் எழுதி வைக்கிறோம். அவர்கள் வீட்டு விருந்துக்கு அதே தொகையையோ கூடுதலாகவோ நாம் கொண்டுபோக வேண்டும். இப்படி வீட்டுக்கு வீடு மொய்க் கொப்பி ஒன்று கடன் புத்தகமாக வளர்கிறது. சாமத்தியச் சடங்குகளில் இது இன்னும் மோசம் என்பது சொல்லத் தேவையில்லை. "உறை வேண்டாம், பிள்ளைகளோடு வாருங்கள்" என்று வாயால் சொல்லி அழைக்க ஒரு வீடு துணிந்தால், அடுத்த வீட்டுக்கும் அந்தத் துணிவு வரும். முதலில் துணிகிறவரைக் கஞ்சன் என்பார்கள். ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. கணவனும் மனைவியும் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். என்னென்ன வாங்கவேண்டும் என்று முதலில் எழுதாதீர்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள். வரப்போகும் அட்வான்ஸ், தருவதாகச் சொன்ன மாமா, விழப்போகும் சீட்டு இவையெல்லாம் கையில் உள்ள காசு அல்ல. எழுதிய தொகையில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிட்டு, மீதிக்குள் எத்தனை பேர் என்று பாருங்கள். தொகைக்கு ஏற்ப ஆட்கள். ஆட்களுக்கு ஏற்பத் தொகை அல்ல.

நேரத்தைத் தெரிவதிலும் பாதிச் செலவு அடங்கியிருக்கிறது. பகல் பன்னிரண்டுக்கு அழைத்தால் சோறும் இறைச்சியும் போட்டே ஆகவேண்டும். பிற்பகல் மூன்றரை மணிக்கு அழைத்து, ஐந்தரைக்கு முடிகிறது என்றும் சொல்லிவிட்டால் தேநீரும் பலகாரமும் போதும். வீட்டில் சுட்ட கேக், முறுக்கு, கடலை வடை, தேசிக்காய்த் தண்ணீர். பிள்ளைகள் ஓடி விளையாட முற்றம் இருந்தால் வேறு கேளிக்கை தேவையில்லை. சித்திரை விழாக்களில் பார்க்கும் யானைக்குக் கண் வைத்தல், தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், சாக்கு ஓட்டம் ஆகியவற்றுக்கு ஒரு கரித்துண்டும் நாலு கரண்டியும் பழைய சாக்கும் போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு யானையின் வாலிலே கண் வைக்கும் பெரியப்பாவைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பு வாடகைக்குக் கிடைக்காது.

விருந்துக்கும் விடுமுறைக்கும் தனித்தனியே செலவழிக்க முடியாத ஆண்டில் என்ன செய்வது? இரண்டையும் ஒன்றாக்கலாம். முதல் நன்மை வாங்கிய பிள்ளையை அழைத்துக்கொண்டு வஹகோட்டைக்குப் போய்வருவதே விருந்தாகவும் விடுமுறையாகவும் இருக்கட்டும்.

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைக்கு அண்மையில் உள்ள இந்தக் கிராமத்தின் கதையே பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. 1638இல் கன்னொருவைப் போரில் போர்த்துக்கேயர் தோற்றார்கள். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் சிறைப்பிடித்த போர்த்துக்கேயரைக் குடியமர்த்திய இடங்களுள் வஹகோட்டையும் ஒன்று. அவர்கள் வழிவந்தோர் இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கர். அவர்கள் போற்றும் அந்தோனியாரும் 1195இல் லிஸ்பனில் பிறந்த போர்த்துக்கேயரே. தமிழ்க் குடும்பங்கள் அங்கே யாத்திரிகராகப் போகின்றன. நம் பாட்டன் பூட்டன்மாரும் அந்தத் திசையை அறிந்தவர்களே. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடந்து வந்து, வழியிலே பலரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பாதைப் பக்கம் இப்போது நாம் பஸ் வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறோம். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லுங்கள், நீட்டவேண்டாம்.

பயணத்தின் பெரிய செலவு வண்டி. பஸ் வாடகை 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் போனால் தலைக்கு 1,200 ரூபாய். 24 பேரே வந்தால் 2,000 ரூபாய். "வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் நிற்கிறவர்களால் மற்றவர்களின் தலையில் 800 ரூபாய் ஏறுகிறது. ஆகவே பெயர் கொடுக்கும்போதே பாதிக் காசை வாங்கிவிடவேண்டும். இதில் முகத்தாட்சண்யம் பார்த்தவர்கள்தான் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மாதம் ஒரு சிறு தொகையாக உண்டியலில் போட்டுவரும் குடும்பத்துக்கு அந்தப் பாதிக் காசு பாரமாக இராது.

நாளையும் பார்த்துத் தெரியவேண்டும். அந்தோனியார் திருநாள் ஜூன் 13. அதே மாதத்தில் பொசொன் போயாவும் வருகிறது. அனுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் போகும் வாகனங்கள் நிறைந்து, தம்புள்ளைப் பாதை அன்று நெரியும். கூட்டத்தைத் தாங்காத சிறு குழந்தையோ, கால் வலிக்கார அம்மாயியோ உள்ள வீடு திருவிழா நாளை விட்டு வேறொரு சனிக்கிழமை போனால் அந்தோனியார் கோபிக்கமாட்டார். ஹட்டன், நுவரெலியாவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இன்னொரு சொல்: ஜூனில் அங்கே தென்மேற்குப் பருவமழை, கலேவெலைப் பக்கமோ வெயிலும் காற்றும். கம்பளி உடுப்பை மூட்டை மூட்டையாகக் கட்டாமல் தண்ணீர்ப் போத்தல்களைக் கூடுதலாக எடுங்கள்.

"அவ்வளவு தூரம் போய்ச் சிகிரியா பார்க்காமல் வருவதா?" என்பார்கள். பார்க்கலாம். ஆனால் ஏறத்தாழ 1,200 படி. நுழைவுச் சீட்டு எடுத்துவிட்டுப் பாதி வழியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது வீண். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மாத்தளை–தம்புள்ளைப் பாதையிலுள்ள நாலந்தா கெடிகே போதும். கருங்கல்லால் ஆன, தமிழகத்துப் பல்லவர் கோயில்களை நினைவூட்டும் பழைய கட்டடம். போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி 1970களில் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். பிள்ளைகள் ஓட இடமுண்டு. ஒரு நாளில் ஓரிடம் போதும். நாலு இடத்தை ஓடி ஓடிப் பார்த்த பயணத்தில் பஸ்ஸின் யன்னல்தான் நினைவில் நிற்கும்.

சாப்பாடு கட்டுச்சோறுதான். ஆனால் இதிலே ஒரு நியாயம் பேசவேண்டும். விடியப் புறப்படும் பயணத்துக்கு நடுச்சாமத்தில் எழுந்து சோறு வடித்து, சம்பல் அரைத்து, பொதி கட்டி, பிள்ளைகளை உடுத்தி, கடைசியில் தன் தலையை வாரிக்கொண்டே பஸ் ஏறுகிறாள் தாய். மற்றவர்களுக்கு விடுமுறை, அவளுக்கு இடம் மாறிய வேலை. வழியில் அவள் எரிந்து விழுந்தால் "ஊர் போகும் நாளிலும் சண்டையா?" என்று கேட்கிறோம். முதல் நாள் மாலையே தகப்பன் தேங்காய் துருவட்டும். பெரிய பிள்ளைகள் வாழையிலையை வாட்டட்டும். குடும்பத்துக்கு ஒரு கறி என்று பிரித்துக்கொண்டால் எந்த வீட்டிலும் ஒரு மணிக்கு முன் அடுப்பு மூட்டத் தேவையில்லை. பஸ்ஸின் பின் ஆசனத்தில் போத்தல் திறக்கக்கூடாது என்பதையும் புறப்படும் முன்பே ஆண்கள் பேசி முடிவுசெய்யவேண்டும். அந்தச் செலவு எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை.

கோயில் வாசலில் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கும். அங்கேதான் தாய் தகப்பனின் பொறுமை சோதிக்கப்படுகிறது. "அது வேண்டாம், இது வேண்டாம்" என்று ஒவ்வொரு கடையிலும் மறுப்பதைவிட, பஸ்ஸில் ஏறும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே அளவான காசைக் கையில் கொடுத்துவிடுங்கள். "இது உன் காசு. எதையும் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். தீர்ந்தால் இல்லை." அதுவரை கண்டதையெல்லாம் கேட்டு அழுத பிள்ளை, தன் காசென்றதும் மூன்று கடை ஏறி விலை விசாரிப்பதைப் பார்க்கலாம். முதல் கடையிலேயே ஊதுகுழல் வாங்கி உடைத்துக்கொள்கிறவனும் இருப்பான். இரகசியமாக இன்னொரு ஊதுகுழல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாயிமாருக்கே இதை முக்கியமாகச் சொல்கிறோம்.

பதுவைப் பட்டணத்தில் தண்ணீரில் மூழ்கி இறந்த குழந்தையொன்று அந்தோனியாரின் மன்றாட்டால் உயிர்பெற்றது என்றும், நேர்ந்துகொண்டபடி தாய் அக்குழந்தையின் எடைக்கு எடை தானியத்தை ஏழைகளுக்குக் கொடுத்தாள் என்றும் பழைய வரலாறு உண்டு. அந்தோனியார் அப்பம் என்னும் தருமம் அதிலிருந்து வந்ததாகச் சொல்வர். ஏழு வயதுப் பிள்ளை 20 கிலோ இருந்தால் 20 கிலோ அரிசி. மண்டபத்துக் கேக்கின் விலையையும் அந்த அரிசியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முழு எடையும் முடியாவிட்டால் ஒரு கால் எடை. பிள்ளையைத் தராசில் ஏற்றி, அளந்த அரிசியை அவனே சுமந்து கொண்டுபோய், லயத்தின் கடைசிக் காம்பிராவில் தனியே இருக்கும் கிழவியிடம் கொடுக்கட்டும். படம் பிடிக்கவேண்டாம்.

திரும்பும் நேரம்: ஞாயிறு மாலை ஆறுக்குள் வீடு. மறுநாள் வேலையும் பள்ளிக்கூடமும் உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்குமுன், காசு பிடித்தவர் கொப்பியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, மிஞ்சியதை அடுத்த வருட உண்டியலில் போடட்டும்.