மண்ணை அளக்கும் மாணவர்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி, "என்ஜினீயரிங்கா, பயாலஜியா?" என்பதுதான். இரண்டும் சேர்ந்தே தேவைப்படும் துறை ஒன்று இப்போது வளர்ந்து வருகிறது. பூங்கா, சாலையோர மரங்கள், குளம், மழைநீரைத் தேக்கி உறிஞ்சும் பள்ளங்கள் ஆகியவற்றை அழகுக்கு மட்டுமின்றி, வடிகாலுக்குத் துணையாகவும் திட்டமிட்டு அமைப்பதே அது. பசுமைக் கட்டமைப்பு என்று பெயர். இதன் அடிப்படைக் கணக்கு ஒன்றையும், இதில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்குள்ள உதவித்தொகைகளையும் இங்கே பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 36 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்கிறது என்று கொள்வோம். அந்த நிலத்தில் விழும் நீர் விநாடிக்குச் சரியாக 100 லிட்டர். இதில் எவ்வளவு வடிகாலுக்கு ஓடிவரும்? அதைக் காண, நிலத்தின் தன்மைக்கேற்ற ஒரு பின்னத்தால் பெருக்க வேண்டும். ரயில் பாதையில் சிறுபாலம் கட்டுபவரும், தெருவில் சாக்கடை கட்டுபவரும் காலங்காலமாகப் பயன்படுத்தும் முறை இது. அமெரிக்காவில் எமில் குய்ச்லிங் என்ற பொறியாளர் 1889-ல் இதை வெளியிட்டார்.

தார்ச்சாலைக்கு அந்தப் பின்னம் 0.70 முதல் 0.95 வரை என்று பாடநூல்கள் கூறும். புல்தரைக்கு, மண்ணையும் சரிவையும் பொறுத்து, 0.05 முதல் 0.35 வரை. அதாவது நம் உதாரணத்தில் தார்ச்சாலையிலிருந்து விநாடிக்கு 70 முதல் 95 லிட்டர் வரும். புல்தரையிலிருந்து 5 லிட்டரும் வரலாம், 35 லிட்டரும் வரலாம். இரண்டுக்கும் ஏழு மடங்கு வித்தியாசம்! எந்த எண்ணை நம்பி வடிகால் கட்டுவது?

இங்கேதான் சூழலியல் படித்தவர் தேவைப்படுகிறார். வேர்களும் மண்புழுக்களும் மண்ணில் துளைகளை உண்டாக்குகின்றன. உதிர்ந்த இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்குகின்றன. ஆட்கள் நடந்து நடந்து இறுகிய மண்ணோ சிமெண்டுத் தரைபோல் ஆகிவிடுகிறது. இவற்றை அந்தந்த ஊரில், அந்தந்த மண்ணில் அளந்துதான் அறிய முடியும். வேறு நாட்டு அட்டவணை போதாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

பெரிய தகர டப்பா ஒன்றை எடுத்து, இரு பக்க மூடிகளையும் நீக்கிவிடுங்கள். (வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.) அதை மண்ணில் இரண்டு அங்குலம் இறக்கி, உள்ளே நீர் ஊற்றி மண்ணை நன்றாக நனைய விடுங்கள். பிறகு மீண்டும் ஊற்றி, அரை மணியில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். மரத்தடியில் ஒரு முறை, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடத்தில் ஒரு முறை செய்து பார்த்தால் வேறுபாடு புரியும். ஆராய்ச்சி மாணவர்கள் இதையே இரட்டை வளையங்களைக் கொண்டு துல்லியமாகச் செய்கிறார்கள்.

இதில் தவறினால் என்ன ஆகும்? நாம் வாழும் கொல்கத்தாவின் மண் பெரும்பாலும் களிமண். நீர் மெதுவாகவே இறங்கும். மணற்பாங்கான ஊருக்குப் போட்ட வரைபடத்தை இங்கே கொண்டுவந்து பள்ளம் வெட்டினால், ஒரு வாரத்துக்கு மேல் நீர் தேங்கும். கொசு முட்டையிட்டு வளர அது போதும். டெங்கு வந்த வீட்டாருக்கு இதன் பொருள் தெரியும்.

நம் ஊர் முன்னோடி

பொறியியலும் சூழலியலும் ஒருவரிடமே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று நகரின் கிழக்கே இருக்கிறது. துருவஜோதி கோஷ் மாநில அரசின் பொறியாளர். சூழலியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நகரின் கழிவுநீர் கால்வாய் வழியாக ‘பேரி’ எனப்படும் ஆழமில்லாத மீன்குளங்களுக்குச் செல்வதையும், அங்கே வெயிலும் பாக்டீரியாவும் பாசியும் மீனும் சேர்ந்து அதைத் தூய்மைப்படுத்துவதையும் 1980-களில் ஆராய்ந்து, உலகுக்கு எடுத்துச் சொன்னார். மீனவர்களின் பட்டறிவையே தம் பாடமாகக் கொண்டார். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஈரநிலம் 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கோஷ் 2018-ல் காலமானார்.

உதவித்தொகைகள்

ஒரு பூங்காவின் மண்ணை அளக்கக் கோடை, மழை, குளிர் என ஓராண்டாவது வேண்டும். சம்பளக் குடும்பத்துப் பிள்ளைகள் அதற்குள் வேலை தேடிப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தை வாங்கித் தருவதுதான் உதவித்தொகை.

1. கோடைக்கால ஆய்வுத் திட்டம்: பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துவது. கல்லூரி மாணவர்கள் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் பணியாற்றலாம். உயிரியல், பொறியியல் இரண்டும் உண்டு.

2. நகர நதிகள் பற்றிய ஆய்வேட்டுப் போட்டி: தேசிய நகர்ப்புற விவகார நிறுவனமும் தூய்மை கங்கை தேசிய இயக்கமும் 2020-ல் தொடங்கியது. தேர்வாகும் மாணவர்களின் ஆய்வேட்டுக்கு நிதியுதவி உண்டு. புதிய அறிவிப்பு வந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும்.

3. ஜே.ஆர்.எப்.: முதுகலைக்குப் பின் ‘நெட்’ தேர்வு வழியாகப் பெறுவது. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது.

விண்ணப்பிக்கும்போது ஒரு யோசனை. வழிகாட்டியாகத் தாவரவியல் பேராசிரியர் ஒருவரையும், சிவில் பேராசிரியர் ஒருவரையும் சேர்த்தே கேளுங்கள். ஒருவர் மட்டும் இருந்தால், அளந்த எண் ஆய்வேட்டிலேயே தங்கிவிடும், வரைபடத்தில் ஏறாது.

சாப்ட்வேர் துறை அளவுக்கு இதில் வேலைகள் குவிந்து கிடக்கவில்லை என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் முழங்கால் நீரில் நடந்து அலுவலகம் போகும் நமக்கு, இந்த வேலை தேவையா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தடுக்காதீர்கள்.