பாறு காக்க வரும் பிள்ளைகளுக்கு

1. பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு சாவது காட்டில், அந்தச் சாவுக்கு விதை விழுவது மாட்டுத்தொழுவத்தில். வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்னும் பாறின் சிறுநீரகத்தை அழிக்கிறது. ஆகவே பாறு காப்பதற்கான கூட்டத்துக்கு வனத்துறையையும் பேராசிரியர்களையும் மட்டும் அழைத்துவிட்டு நிறைவடையாதீர்கள். கால்நடை மருத்துவரும் மருந்து ஆய்வாளரும் மருந்துக்கடைக்காரரும் வராத கூட்டம் பாதிக் கூட்டம்தான்.

2. அரசாணையோடு வேலை முடியாது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடுத்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போனது. 2015இல் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். அதேபோல் பாறுகளைக் கொல்லும் அசிக்ளோஃபினாக்கையும் கீட்டோபுரோஃபேனையும் தடுக்க 2023 வரை ஆயிற்று. மாடு வளர்ப்பவரிடம் 'போடாதீர்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், அவர் மாடும் வலியில்தான் துடிக்கிறது. மாற்றாக மெலாக்சிகாம் இருக்கிறது என்று சொல்லுங்கள், பக்கத்துக் கடையில் அது கிடைக்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

3. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எழும்பும் பறவைக்கு முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு எல்லாம் ஒரே வானம். இவை இருக்கும் மூன்று மாநிலமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே படிவத்தில் பாறுகளை எண்ண வேண்டும். நாங்கள் ஒருமுறை ஒரு வாரம் தள்ளி எண்ணினோம். இரு பக்கத்து எண்ணையும் கூட்டவும் முடியவில்லை, கழிக்கவும் முடியவில்லை. அந்த ஆண்டு உழைப்பு முழுதும் வீண்.

4. இதை மட்டும் மறக்காதீர்கள். நீர்மருதில் இருந்த கூட்டை எங்களுக்குக் காட்டியவர் ஒரு வேட்டைத்தடுப்புக் காவலர். எத்தனையோ காலை எங்களுக்கு முன்னால் யானை பார்த்து நடந்தவர். அறிக்கை அச்சாகி வந்தது, அவர் பெயர் அதில் இல்லை. அடுத்த பருவத்தில் கூப்பிட்டோம், வரவில்லை. அவர் செய்தது சரி. கட்டுரைக்கு முன்பே முடிவுகளைச் சுருக்கி, தமிழில் எழுதி, காட்டியவர் கையில் கொடுங்கள். பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள்.

5. அதிகாரிகள் மாறுவார்கள். புதியவர் வந்த வாரமே போய்ப் பாருங்கள், பழைய கோப்போடு.

6. செத்த பாறு ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், முதலில் வனச்சரகருக்குச் சொல்லுங்கள். அனுமதி யார் தருவது, உடற்கூறாய்வு யார் செய்வது, ஈரலும் சிறுநீரகமும் எந்த ஆய்வகத்துக்குப் போவது, பனிக்கட்டிப் பெட்டி யார் வீட்டில் இருப்பது, இவற்றை எல்லாரும் உட்கார்ந்து முன்பே முடிவு செய்யுங்கள். வெயிலில் கிடக்கும் உடல் உங்கள் கடிதப் போக்குவரத்து முடியும்வரை காத்திருக்காது.