கரந்துறை சொல்: குறுக்கெழுத்துக் குறிப்பு அமைக்கும் கலை

இதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியை நாம் நன்கறிவோம். 'யானையின் வேறு பெயர்' என்று குறிப்பிருக்கும். களிறு, வேழம், கரி என்பவற்றுள் கட்டத்திற்குப் பொருந்துவதை எழுதுவோம். இது நினைவாற்றலைச் சோதிப்பது, அவ்வளவே. ஆங்கிலத்தில் இதனினும் நுட்பமான வகை ஒன்றுண்டு. அதன் குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் தோன்றிப் பிறிதொன்றைச் சொல்லும்.

1913 டிசம்பர் 21இல் 'நியூயார்க் வோர்ல்டு' இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதற்புதிரில் இச்சூழ்ச்சி இல்லை. இதனை இங்கிலாந்தில் 1920களில் வளர்த்தவர் 'டார்க்கிமாடா' என்னும் புனைபெயரினர். அவர்க்குப்பின் வந்த 'ஸிமீனீஸ்' 1966இல் நூலெழுதி இதற்கு இலக்கணமே வகுத்தார். சென்னையில் 'தி இந்து' நாளிதழ் 1971 முதல் இவ்வகைப் புதிரை வெளியிட்டு வருகிறது. 1931 முதல் ஓடும் தாம்பரம் – கடற்கரை மின்தொடர் வண்டியில், அப்பக்கத்தை நான்காக மடித்துக்கொண்டு எழுதுகோலும் கையுமாய் அமர்ந்திருப்போர் புதியவர் அல்லர்.

இக்கலையின் அடிப்படை விதி எளிது. குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருளைச் சுட்டும். மறுபகுதி விடைச்சொல் கட்டப்பெற்ற விதத்தைச் சொல்லும். இவ்விரண்டனுக்கும் பயன்படாத சொல் ஒன்றுகூட இருத்தல் ஆகாது.

தமிழில் இஃது இயலுமா? நம் புறநகர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம்.

செம்பை எடுக்கக் கயிற்றோடு அராவும் கருவியைச் சேர் (5)

படித்தவுடன் கிணற்றடி நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்குச் செம்பு பாத்திரம் அன்று, உலோகம். கயிறு என்பது தாம்பு. அராவும் கருவி அரம். தாம்பு + அரம் புணர, உகரம் கெட்டுத் தாம்பரம் ஆகும். அச்சொல்லுக்குச் செம்பு என்றும் பொருளுண்டு. 'கிணற்றில் விழுந்த செம்பை எடுக்க' என்று தொடங்கியிருந்தால் காட்சி இன்னும் அழகு பெறும். ஆயினும் முதலிரு சொற்களுக்கு வேலை இல்லை. ஆகவே அவற்றை நீக்குதலே நேர்மை. பிறரை மயக்கலாம், ஏமாற்றலாகாது.

இங்கே ஆங்கிலத்திற்கு இல்லாத இடர் ஒன்று எழுகிறது. ஆங்கிலத்தில் பொருள் சுட்டும் சொல் தனித்து நிற்கும்; தமிழில் வேற்றுமை உருபு அதனோடு ஒட்டிக்கொள்ளும். 'செம்பு' என்பது 'செம்பை' ஆயிற்று. இதனைக் குற்றமென்பாரும் உளர். உருபை நீக்கிப் பார்க்கும் பொறுப்பு விடை காண்பவருடையது என்பதே என் கருத்து. இடருக்கு ஈடாகப் புணர்ச்சி என்னும் பெருஞ்செல்வமும் நமக்குண்டு. பல் + ஆ + வரம் எனப் பிரித்தால் ஒற்று இரட்டிப் பல்லாவரம் பிறக்கும். (இது விளையாட்டே, ஊர்ப்பெயராய்வு அன்று. அவ்வூர்ப்பெயர் பல்லவபுரம் என்பதன் திரிபு என்பர்.)

தாம்பரத்தருகே புடவை நகர் (4)

விடை சேலையூர். 'நகர்' பெயராயினும், நகர்ந்து செல் என்னும் ஏவலாயினும் 'ஊர்' என்றே வரும்.

சொல்லொன்றை உள்ளே ஒளித்தும் வைக்கலாம். 'அன்பா வையமா என்பதனுள் பெண் (2)' என்பதில் பாவை இருக்கிறாள். இவ்வாறு ஒளிக்கும்போது இடையில் வல்லினம் மிகுமாயின் ஒளிவிடம் கெட்டுவிடும். ஒற்றை வேண்டுமென்றே விட்டெழுதித் தப்பிக்க முயல்வது தமிழ் பயில்வோர்க்கு அழகன்று.

'நகரம்' என்னும் ஒரு சொல்லின் வளத்தைப் பாருங்கள். தலை நீங்கின் கரம். எழுத்துகள் இடம்மாறினால்?

உள்ளே கலங்கிய நகரம் பாவியர் சேருமிடம் (4)

நடுவிலுள்ள ககரமும் ரகரமும் இடம்மாற நரகம் ஆகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பகுதியில் மாடியேறி நின்றவர்க்கு இக்குறிப்பின் மேற்பொருளும் விளங்கும். ஆனால் இத்தகைய நற்பேறு தமிழில் அரிது. மெய்யெழுத்து சொல்லின் முதலில் நில்லாது. டகரம், றகரம் போன்றவையும் வாரா. ஆகவே எழுத்துகளை எப்படியும் கலைத்து அடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

இவற்றையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்று கருதுவோர் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைப் புரட்டுக. ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாய் நீக்க வேறு வேறு பொருள் தருவது அக்கரச் சுதகம். கூட்டக் கூட்டப் பொருள் மாறுவது எழுத்து வருத்தனம். பல வினாக்களின் விடைகளை இணைத்து ஒரு சொல் காண்பது வினாவுத்தரம். ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை மறைப்பது காதை கரப்பு. தாம்பு + அரம் வினாவுத்தரத்தின் பேரன் அன்றோ! தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்து மறக்கப்பெறும் இவ்வணிகள், வெறும் சொற்சிலம்பம் என்று ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றுக்குப் பொருத்தமான களம் கட்டப்புதிரே. 2000இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற 'தென்றல்' திங்களிதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள், இது தமிழில் இயலும் என்பதை மெய்ப்பித்தன. நம் வகுப்பறைகளில் புணர்ச்சி விதியைக் கற்பிக்கும் ஆசிரியர், வாய்பாட்டுக்கு முன் ஒரு குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம்.

மாணவர் முயல ஒன்று, விடை தரப்படவில்லை.

ஆறு விட்டுச்சென்ற மண்ணே, நகர்! விலங்குகள் வாழுமிடம் (5)