அம்மை வந்தது வெயிலாலா, என்னாலா?



போன வருடம் பங்குனி மாதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எனக்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி. "இன்னைக்கு லீவு போடு" என்றார் அம்மா. கணக்கு டெஸ்ட் இருந்ததால் நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் முதுகெல்லாம் நீர்க்கொப்புளம். பாட்டி பார்த்தவுடனே, "வெயில் ஏறுதில்ல, அம்மை போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வேப்பிலை பறிக்கப் போனார்.

பதினைந்து நாள் கழித்து, தேர்வு ஆரம்பித்த நேரத்தில், என் பெஞ்சுத் தோழிக்கும் போட்டது. இரண்டு பேப்பர் அவளால் எழுத முடியவில்லை. ஜூலையில் துணைத்தேர்வு எழுதித்தான் பாஸானாள். "வெயில் காலம், என்ன பண்றது" என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

இந்த வருடம் உயிரியல் டீச்சர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'வானிலையும் குழந்தைகளின் தொற்றுநோய்களும்'. படிக்கப் படிக்க வெயில் மேல் போட்ட பழி என் பக்கம் திரும்பியது.

சின்னம்மை ஒரு வைரஸால் வருகிறது. அது உடம்புக்குள் புகுந்து 10 முதல் 21 நாள் கழித்துத்தான் கொப்புளம் தெரியும். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும்! காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கணக்கு டெஸ்ட் அன்றிலிருந்து அவளுக்குப் போட்ட நாள் வரை 16 நாள்.

அப்படியானால் வெயிலுக்குப் பங்கே இல்லையா? இங்கேதான் ஆச்சரியம். குளிர்நாடுகளில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துபோகும் சின்னம்மை, நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலருக்குப் பெரியவர்களான பிறகு வருகிறது. கடும் வெப்பத்தில் இந்த வைரஸ் சரியாகப் பரவாததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதாவது வெயில் நோயைக் கொண்டுவருவதில்லை, கொஞ்சம் தடுக்கக்கூடச் செய்கிறதாம்.

1973-ல் லண்டன், யார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் (லண்டன் இங்கே ஊர் இல்லை, ஆள் பெயர்!) நியூயார்க் நகரத்தின் பழைய பதிவுகளை வைத்துத் தட்டம்மை, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி மூன்றையும் ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்ததும் பரவும் வேகம் ஏறுகிறது, கோடை விடுமுறையில் இறங்குகிறது. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் வேறு மாதிரி. அங்கே மழை இல்லாத மாதங்களில் விவசாயிகள் வேலை தேடி நகரத்துக்கு வருகிறார்கள். கூட்டம் பெருகுகிறது, தட்டம்மையும் பெருகுகிறது. மழை வந்து எல்லாரும் வயலுக்குத் திரும்பினால் குறைகிறது. இரவில் நகர விளக்குகளின் வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தே 2011-ல் இதைக் காட்டினார்கள். இந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். வானிலை மனிதர்களைக் கூட்டுகிறது, கலைக்கிறது. மீதியை நாம் பார்த்துக்கொள்கிறோம்!

தட்டம்மைக்கு நமக்கு ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட நம் பள்ளிகளுக்கே வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அழுதவர்களில் நானும் ஒருத்தி.

எல்லா நோய்க்கும் இந்தக் கதை பொருந்தாது. டெங்குவில் வானிலைக்கு நேரடி வேலையே உண்டு. ஐப்பசி மழையில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட. பத்து நாளுக்குள் புதுக் கொசு பறக்கும். கதகதப்பு கூடினால் கொசுவின் உடம்புக்குள் வைரஸ் வளரும் வேகமும் கூடும். மழை இல்லாவிட்டாலும் தப்பிக்க முடியாது. தண்ணீர்ப் பஞ்சம் என்று டிரம்மில் பிடித்து வைக்கிறோமே, அதுவும் அதற்கு வீடுதான். முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, டிரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் செய்கிறேன்.

பாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெயில்தான் காரணம் என்று அவர் சொன்னது தப்பு. ஆனால் வாசலில் வேப்பிலை செருகினார். பார்த்தவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, தண்ணீர் ஊற்றும்வரை என்னை வெளியே விடவும் இல்லை. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். பாட்டியால் பிடிக்க முடியாமல் போனது அந்த முதல் நாளை மட்டும்தான். அன்று நான் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன்.

சுவரில் ஒட்டுவதற்கு முன் இதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "அந்தக் கணக்கு டெஸ்ட்ல எவ்வளவுடி வாங்கின?" என்று மட்டும் கேட்டாள். 50-க்கு 31.

– 11-ஆம் வகுப்பு மாணவி