வெட்டியவர், ஏவியவர், இசைந்தவர்

நவராத்திரிக் கொலுவின் மேற்படியில் வீற்றிருக்கும் மரப்பாச்சி இணையைத் தமிழ் இல்லங்கள் பல தலைமுறைகளாக அறியும். திருப்பதி யாத்திரை சென்று திரும்பும் பெரியோர் பேரக்குழந்தைகளுக்காக வாங்கி வந்த அப்பொம்மைகள் மரபாகச் செம்மரத்தில் செதுக்கப்பட்டவை. குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் தீங்கில்லை என்று பாட்டிமார் நம்பிய மரம் அது. வடமொழியில் ரக்தசந்தனம், தெலுங்கில் எர்ரசந்தனம். இம்மரத்தின் பொருட்டே, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அதிகாலையில், வேங்கடவன் உறையும் மலைத்தொடரில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர்.

கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் பகுதிகளின் வறண்ட பாறைக் குன்றுகளே செம்மரத்தின் தாயகம். உலகில் வேறெங்கும் அது இயற்கையாகக் காடாக வளர்வதில்லை. மிக மெதுவாக வளரும். முற்றிய வைரக்கட்டை நீரில் இட்டால் மூழ்கும். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் 1995ஆம் ஆண்டு அது சேர்க்கப்பட்டது. ஆயினும் சீனத்தில் செல்வர் வீட்டு மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் நரம்பிசைக் கருவிகளுக்கும் அதன் தேவை குறையவில்லை. சட்டம் வாயிலை அடைத்தபோது கள்ளவழி அகன்றது.

அவ்வழியில் முதலில் சிந்தியது காட்டைக் காத்தவர்களின் குருதி. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டனர். ஊதியம் சிறிது, ஆயுதம் சிறிது, காடு பெரிது என்னும் நிலையில் பணியாற்றியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் 2015ஐப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. தமிழகத்தில் அவ்வாறு பேசியவர் பலர். அக்கொலை வழக்கில் தமிழகத் தொழிலாளர் 280க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். இரண்டாண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடந்து, 2016ஆம் ஆண்டு திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அகப்பட்டவரையெல்லாம் வலையில் வாரியதன் விளைவு யாது? கூலிக்காரர் குடும்பங்கள் நொடித்தன. மாண்ட அதிகாரிகளின் குடும்பங்களுக்கோ, கொன்றவர் யார் என்ற வினாவுக்கு அத்தீர்ப்பில் விடை கிட்டவில்லை. விசாரணையில் காட்டப்படும் அவசரம் இருபுறமும் அநீதியாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் செம்மரக் கடத்தல் தடுப்புக்கென ஆந்திரத்தில் தனி அதிரடிப் படை அமைந்தது. சந்திரகிரிக்கு அண்மையில் காட்டின் இரு இடங்களில் அப்படை சுட்டதில் மாண்ட 20 பேரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்றது காவல்துறை. பேருந்துகளிலிருந்து முன்னதாகவே இறக்கிக் கொண்டு செல்லப்பட்டவர்கள் அவர்கள் என்றனர் உயிர் தப்பிய சிலர். மாண்டோரில் ஒருவரின் மனைவி சந்திரகிரி காவல் நிலையத்தில் புகார் அளித்தார். உயர் நீதிமன்ற ஆணைப்படி ஆறு உடல்கள் மறு பிரேதப் பரிசோதனைக்கு உட்பட்டன. தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தது.

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையாக இருக்கவில்லை. கைது செய்யும்போது எதிர்ப்பவரை அடக்கத் தேவையான பலத்தைக் காவலர் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரைக் கொல்லும் உரிமை அதில் அடங்காது என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறியது. மரம் வெட்டுவது அத்தகைய குற்றமாக அன்று இருக்கவில்லை. தற்காப்பு உரிமை வேறு. அது காவலருக்கும் உண்டு, காவலர் அல்லாதவருக்கும் உண்டு. அது உண்மையில் எழுந்ததா என்பதை ஆராயவே விசாரணை. சேஷாசல நிகழ்ச்சிக்கு ஏழு மாதங்களுக்கு முன், 2014 செப்டம்பரில், உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணங்களுக்கென 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது. வழக்குப் பதிவு, வேறு காவல் நிலையத்தாரோ குற்றப் புலனாய்வுத் துறையோ நடத்தும் தனி விசாரணை, நடுவர் விசாரணை ஆகியவை அவற்றுள் அடங்கும். சுட்ட உடனேயே வீர விருதோ பதவி உயர்வோ வழங்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. மனித மனத்தை அறிந்து வகுத்த விதி அது. பாராட்டு முந்திக்கொண்டால் விசாரணை பின்தங்கிவிடும்.

குற்றம் என்பது கை செய்த செயலோடு முடிந்துவிடுவதில்லை. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் ஹிம்சை முதலிய தீமைகளை ஆராய்கையில், தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததற்கு இசைந்தது என மூன்றாகப் பகுக்கிறார். பேராசை, சினம், மயக்கம் ஆகிய மூன்றும் அவற்றின் வேர்கள் என்கிறார். சேஷாசலத்தை இவ்வொளியில் பார்த்தால், காட்டில் வீழ்ந்தவர்கள் முதல் வகையின் விளிம்பில் இருந்தவர்கள் மட்டுமே என்பது புலனாகும்.

ஜவ்வாது மலையில் மானாவாரிச் சாமையும் புளியும் தேனும் ஆண்டு முழுவதும் வயிற்றை நிரப்புவதில்லை. இளைஞர் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். ஒரு காலத்தில் இம்மலையில் சந்தனம் செழித்திருந்தது. அதை வெட்டியும் செதுக்கியும் பழகிய கைகளின் திறன் வெளியார்க்குத் தெரியும். சந்தனம் அருகிப்போயிற்று, திறன் எஞ்சியிருந்தது. அதைத் தேடி முன்பணத்துடன் வந்தவர் தரகர். அவர் பேசும் கூலி உள்ளூர்க் கூலியைப் போலப் பன்மடங்கு. காட்டில் நுழைவது அவரல்லர். குண்டு பாய்வதும் அவர் மார்பில் அன்று. பிடிபட்டவர் பட்டியல்களை நோக்கினால், வெட்டியவரும் சுமந்தவரும் ஓட்டுநரும் மிகுதி; பணம் போட்டவர் மிகக் குறைவு.

இசைந்தவர் யார்? இக்கேள்வியே இப்பாடத்தின் கடினமான பகுதி. திடீரெனப் பொருள் குவித்த தரகரிடம் ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை வாங்கியபோது, வழி என்ன என்று எவரும் கேட்கவில்லையெனில், அதுவும் இசைவே. துப்பாக்கிச் சூட்டுச் செய்தியைக் காலையில் படித்து, 'திருடர்தானே, போகட்டும்' என்று நாளிதழை மடித்தவரும் இசைந்தவரே. மாண்டவர் நம்மவர் என்பதால், அவர்கள் செய்ய வந்த செயலைப் பற்றிப் பேசவே மறுத்தவரும் அவ்வாறே. தமிழகத்தில் ஆந்திரப் பேருந்துகள் மீது கல்லெறிந்த சினத்தில் ஒரு கல்கூடத் தரகர் வீட்டை நோக்கிச் செல்லவில்லை. செல்ல வேண்டும் என்பதன்று. அவர் பெயரை விசாரணையில் சொல்லும் துணிவு ஊருக்கு வந்திருந்தால் போதும்.

துயரம் 2015உடன் நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழகத் தொழிலாளர் ஐவரின் உடல்கள் மிதந்தன. 2024 பிப்ரவரியில் அன்னமய்யா மாவட்டத்தில் கடத்தல்காரரின் வாகனம் மோதிக் காவலர் ஒருவர் உயிர்நீத்தார். இதற்கிடையே சில நல்ல அடிவைப்புகளும் உண்டு. அதிரடிப் படையினரே ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு வந்து, செம்மரம் வெட்ட வராதீர்கள் என்று நேரில் எடுத்துரைத்தனர். செம்மர வழக்குகளுக்கென்றே திருப்பதியில் 2022ஆம் ஆண்டு தனி நீதிமன்றங்கள் திறக்கப்பட்டன. துப்பாக்கி முந்தும் இடத்தில் சொல்லும் வழக்கும் முந்துவது சிறிய மாற்றமன்று.

2015 ஏப்ரலில், அப்பேருந்துகளில் சென்று உயிர் தப்பியவருள் ஒருவர், பெண் பயணி ஒருவருக்கு அருகே அமர்ந்திருந்தமையால் அவர் கணவரெனக் கருதப்பட்டு விடப்பட்டவர். ஊருக்குத் திரும்பி வாய் மூடியிருந்தால் எவரும் அவரைத் தேடியிருக்க மாட்டார்கள். அவரும் இன்னும் சிலரும் தில்லிவரை சென்று மனித உரிமை ஆணையத்தின் முன் தாம் கண்டதைக் கூறினர். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு ஆணையம் உத்தரவிட்டது.